கறுப்புப் பவுடர் ஒட்டிய மூக்கு

மூக்குதான் முதலில் வரும். ஆள் அதற்குப் பின்னால் வருவார்.

ஷெட்டின் மூலையில் என் மேசை. மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்திருப்பேன். தகரக் கதவு ஒரு சாண் விலகும். அந்த இடுக்கில் ஒரு மூக்கு நுழையும். இரண்டு துளைகளைச் சுற்றியும் கறுப்புப் பவுடர் வளையம் கட்டியிருக்கும். உள்ளிருந்து எட்டிப் பார்க்கும் நரைமுடி நுனிகளிலும் பவுடர். உறைபனி பிடித்த புல் மாதிரி, ஆனால் கறுப்பாக. அந்த மூக்கு ஒருமுறை நீளமாக இழுக்கும். அதற்குப் பிறகுதான் குரல் வரும்.

"மத்தி மீனா புள்ள? நேத்து வச்ச கொழம்பு."

நேற்று வைத்த குழம்புதான். நான் மூடியைப் போட்டு மூடிவிடுவேன். அந்த மூக்குக்குள் ஒருமுறை போய்வந்த வாசனை எனக்கு எச்சில் பட்ட பண்டம். பால் கொடுக்கிற உடம்போடு எத்தனையோ மதியங்கள் பட்டினி கிடந்தேன், அவர் முகர்ந்த சோற்றைத் தின்ன மாட்டாமல்.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபாக்டரி மூடிக் கிடந்தது. எங்கள் முதலாளி அதை வாடகைக்கு எடுத்து பவுடர் கோட்டிங் பட்டறை ஆக்கியிருந்தார். கோயமுத்தூரிலிருந்து இரும்புப் பெட்டிகள் லாரியில் மேலே வரும். நிறம் ஏற்றிக் கீழே அனுப்புவோம். பெரும்பாலும் டிராஃபிக் சிக்னல் பெட்டிகள். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் உட்கார மூன்று வட்ட ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டைக்கு மேலும் வெயில் மறைக்க ஒரு தொப்பி. ஆனி பிறந்தால் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ கீழே அடிக்கும் வெயிலுக்குத் தொப்பி செய்துகொண்டிருந்தோம்.

வேலை என்னவோ எளிதானது. பெட்டியை எண்ணெய் போகக் கழுவ வேண்டும், துரு போகக் கழுவ வேண்டும், மறுபடி மறுபடி நல்ல தண்ணீரில் முக்க வேண்டும். கொக்கியில் மாட்டி, துப்பாக்கியால் பவுடரை ஊத வேண்டும். மின்சாரத்தின் பிடிப்பில் பவுடர் இரும்பின் மேல் மாவு அப்பினாற்போல நிற்கும். விரல் பட்டால் உதிரும். அப்படியே டிராலியோடு ஓவனுக்குள் தள்ளி, இருநூறு டிகிரியில் இருபது நிமிடம். பவுடர் உருகித் தோலாகும். பெட்டியிலோ ஓவனிலோ ஒரு சொட்டு எண்ணெய் இருந்தால் போதும். அது புகைந்து, உருகும் பவுடரில் போய்ப் படிந்து, தோல் முழுக்கக் குழி விழும். அதை எங்கள் ஷெட்டில் 'அம்மை போட்டிருச்சு' என்பார்கள். அம்மை போட்ட பெட்டியை யாரும் வாங்க மாட்டார்கள். குழி வழியே மழை இறங்கும், உள்ளே துரு பூக்கும்.

பவுடர் ஊதுவதும் ஓவனும் அவர் பொறுப்பு. அந்த ஓவனே பழைய தேயிலை டிரையரை வெட்டி ஒட்டிச் செய்ததுதான். காலையில் முதல் சூடு ஏறும்போது கருகிய தேயிலை வாசம் எழும்பும். அதற்குப் பக்கத்தில், அந்தக் காலத்தில் கொழுந்து எடை போட்ட அறையில், அவர் குடியிருந்தார். சின்ன வயதில் பெற்றோரோடு இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அந்த நாட்டுச் சொல் மூன்று நாலு அவர் வாயில் மிச்சமிருந்தது. டீ அவருக்குத் தேத்தண்ணி, சோப்பு சவுக்காரம், ரொட்டி பாண். மனைவி மக்கள் பற்றி யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. முதலாளி வாங்கிக் கொடுத்த முகமூடி கழுத்தில் தொங்கும். அதன் குழிவில் வெற்றிலை பாக்கு வைத்திருப்பார்.

"மூக்க மூடிட்டு எப்பிடி புள்ள வேலை பாக்குறது? கண்ணக் கட்டிக்கிட்டு நடக்குற மாதிரி இல்ல?"

சொல்லிவிட்டுக் கொக்கிக் கம்பியால் காது குடைவார். குடைந்த நுனியை மூக்கருகே கொண்டுபோவார். அதே கம்பியைப் பெட்டியில் மாட்டுவார். இதையெல்லாம் நான் ஏன் பார்த்தேன்? பார்க்காமல் இருந்திருக்கலாம். அருவருப்புக்குக் கண்ணை மூடத் தெரியாது. அது இன்னும் கொஞ்சம் காட்டு என்று கேட்கும்.

எனக்கு அது வீட்டில் கற்பித்த பாடம். அம்மா கான்வென்ட் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாயிறு பூசைக்குக் கிளம்பும் முன் எங்கள் நகங்களைப் பார்ப்பாள், காதுமடல் பின்னால் பார்ப்பாள். யார் வந்து போனாலும் அவர்கள் உட்கார்ந்த நாற்காலியைத் துடைப்பாள். நான் துடைத்துத் துடைத்தே வளர்ந்தவள். கணவர் திருப்பூரில் வேலை பார்க்க, ஆறு மாதக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு இந்த ஷெட்டில் குவாலிட்டிப் பதிவேடு எழுத வந்திருந்தேன். பெட்டிகளைச் சோதித்து, சரி, சரியில்லை என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

தேத்தண்ணி இடைவேளை முடிந்ததும் எட்டு கிளாஸ்கள் மேடையில் கிடக்கும், அடியில் ஒரு வாய், அரை வாய். அவர் எல்லாவற்றையும் ஒரே கிளாஸில் சேர்த்து ஊற்றுவார். முகர்வார்.

"இதுல மேரி குடிச்சதும் இருக்கு. ஏலக்கா கடிச்சிருக்கா."

குடித்துவிடுவார். முதல்முறை அதைப் பார்த்த அன்றிலிருந்து என் கிளாஸை நானே எடுத்துப்போய்க் கவிழ்த்து, மிச்சத்தை வாசலில் கொட்டினேன். அவர் ஈரமண்ணைப் பார்த்து, "அநியாயத்துக்குக் கொட்டுது இந்தப் புள்ள" என்பார். கோபமில்லாமல்தான்.

மேரி அக்கா எங்கள் தெருக்காரி. ஷெட்டில் தொட்டிகளில் பெட்டி கழுவும் வேலை. அவள் கழுவி எடுத்துவைத்த ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அவர் தலையை விடுவார். வெல்டிங் வைத்த ஓரத்தோடு மூக்கை ஓட்டிக்கொண்டே போவார். குளிரில் மூக்கு ஒழுகும். ஒரு சொட்டு பெட்டிக்குள்ளேயே விழும். முழங்கையால் மூக்கையும் பெட்டியையும் ஒரே வீச்சில் துடைத்துவிட்டு, "மேரி, இந்த மூலை போகல. திரும்பப் போடு" என்பார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் அவர் மூக்கை உடைத்துவிடுவது என்று அந்தப் பெட்டியை வாங்கி மூலையில் தண்ணீர் தெளித்தேன். சுத்தமான இரும்பில் தண்ணீர் விரிந்து படரும். அந்த மூலையில் முத்து முத்தாக நின்றது. எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். அவர் மூக்கை உறிஞ்சினார், அவ்வளவுதான். 'தண்ணீர்ச் சோதனையில் தெரிந்தது' என்று பதிவேட்டில் எழுதினேன். மூக்குக்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

அந்த வருடம் மழை பிடித்தது. பிடித்தால் விடாத மழை. மூன்று வாரம் வெயில் என்பதே இல்லை. மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சுவர் வியர்க்கும், உப்பு கரையும், செருப்பில் பூஞ்சை பூக்கும். துணி காயவே காயாது. சமையலறையில் நாலு கொடி கட்டியும் குழந்தையின் துணிகள் தொட்டால் சில்லென்று, தவளை வயிறு மாதிரி. குழந்தைக்குச் சளி நெஞ்சில் இறங்கியிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே ஏதோ கொறகொறவென்று அரைபட்டது. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஈரத்துணி மட்டும் போடாதீங்க."

அதே வாரத்தில்தான் அந்த இருபத்து நான்கு பெட்டிகளும் வந்தன. அதற்கு முந்தைய லாட் அம்மை போட்டுத் திரும்பி வந்திருந்தது. முதலாளி எங்கள் எல்லோரையும் ஓவன் முன்னால் நிறுத்தினார். கத்தவில்லை. அவர் கத்தாமல் பேசினால்தான் பயம்.

"இதுவும் போச்சுன்னா கம்பெனிக்காரன் நம்மள விட்டுருவான். அப்புறம் ஷெட்ட மூடிக்க வேண்டியதுதான். அதுக்கு முன்னாடி, யாரால போச்சோ அவங்க ஊட்டுக்குப் போயிருங்க. யாரா இருந்தாலுஞ் சரி."

ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். எனக்குக் குழந்தையின் நெஞ்சுச் சத்தம் காதில் கேட்டது. அவருக்கு வேலை போனால் அந்தக் கொழுந்து அறையும் போகும். அதை அப்போது நான் நினைக்கவில்லை.

மாலை ஐந்தரைக்கு ஓவனை அணைப்பார்கள். அணைத்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு அதற்குள் கதகதப்பு இருக்கும். அந்தக் கதகதப்பு சும்மா போவது அவருக்குப் பொறுக்காது. முதலாளியின் ஜீப் மேலே ரோட்டில் ஏறி மறைந்ததும் பின்கதவைத் திறப்பார். தெருப் பெண்கள் வாளியோடு காத்திருப்பார்கள். பள்ளிச் சீருடை, ஸ்வெட்டர், பாவாடை, போர்வை, குழந்தைத் துணி எல்லாம் சிக்னல் பெட்டி தொங்கும் அதே கொக்கிகளில் தொங்கி, டிராலியோடு உள்ளே போகும். அரைமணியில் மொறுமொறுவென்று வெளியே வரும். அந்த மூன்று வாரமும் எங்கள் தெரு உலர்ந்த துணி உடுத்தியதென்றால் அது அவர் தயவு.

ஆனால் உள்ளே போகும் முன் ஒவ்வொரு துணியையும் அவர் முகர்ந்தார்.

ஒவ்வொன்றையும். உதறி, இரண்டு கையிலும் ஏந்தி, முகத்தை உள்ளே புதைத்து. ரவிக்கையின் கக்கம், உள்பாவாடையின் நாடா, தலையணை உறை, குழந்தையின் கீழ்த்துணி. கறுப்பு வளையம் கட்டிய அந்த மூக்கு ஒவ்வொன்றிலும் இறங்கி எழுந்தது. சிலதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"இது ஆகாது. தலையெண்ணெ இருக்கு. சவுக்காரம் போட்டுத் தொவைச்சுட்டு வா."

"ஏனுங்கண்ணா," என்றாள் மேரி அக்கா ஒருநாள், தன் தலையணை உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "துணியத்தான் மோந்து பாக்கறீங்களா, எங்கூட்டு மானத்தையா?"

பெண்கள் சிரித்தார்கள்.

"மானத்துக்கு வாடையில்ல மேரி. எண்ணெய்க்குத்தான் இருக்கு. நாளைக்குப் பெட்டி அம்மை போட்டா உன் தலையணையா வந்து பதில் சொல்லும்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்ன காரணம் என் காதில் விழுந்தது. நான் அதை நம்பவில்லை. எண்ணெய் ஒரு சாக்கு, இந்த ஆளுக்கு மோப்பம் பிடிப்பதில் ஏதோ அசிங்கமான இன்பம் இருக்கிறது என்றே முடிவுகட்டிவைத்திருந்தேன். என் ரவிக்கையில் எப்போதும் பால் கசிந்திருக்கும். என் குழந்தையின் துணியில் அதன் வாசம் இருக்கும், எனக்கு மட்டுமே தெரிந்த வாசம். அதற்குள் அந்த மூக்கு இறங்கினால் பிறகு அந்தத் துணியை எப்படிக் குழந்தைக்குச் சுற்றுவேன்?

ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். குழந்தைக்கு மூச்சு இன்னும் அரைபட்டது. அம்மா தேங்காயெண்ணெயில் தைலம் விட்டுச் சூடாக்கி, குழந்தையின் நெஞ்சிலும் முதுகிலும் தடவி, ஃபிளானல் துணியால் சுற்றிக் கட்டுவாள். அப்படி ஐந்து ஃபிளானல். ஐந்தும் ஈரம். சோப்புப் போட்டால் குழந்தைக்குச் சொறி வருகிறதென்று அம்மா வெறும் தண்ணீரில்தான் அலசுவாள்.

அன்று மாலை அந்த ஐந்தையும் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். அவர் எல்லோர் துணியையும் முகர்ந்து மாட்டிவிட்டு, வெற்றிலை துப்பப் பின்பக்கம் போனார். அந்த ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. டிராலியின் பின்வரிசையில், ஒரு போர்வைக்குப் பின்னால், ஐந்து ஃபிளானலையும் மாட்டினேன். அவர் வந்து டிராலியைத் தள்ளினார். அரைமணியில் நானே முந்திப்போய் என்னுடையதை எடுத்துக்கொண்டேன். மொறுமொறுவென்று இருந்தன. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. ஏதோ கள்ளத்தனமாகப் பரலோகத்துக்குள் போய்த் திரும்பினவள் போல. அவர் மூக்குப் படாத துணி!

வீட்டில் எண்ணிப் பார்த்தேன். நாலுதான் இருந்தது.

காலையில் எட்டு மணிக்கே போனேன். அதற்குள் அவர் ஓவனை மூட்டியிருந்தார். இருபத்து நான்கு பெட்டிகளும் பவுடர் ஊதி டிராலியில் தொங்கின, இன்னும் சூடு படாத மென்கறுப்பில். கீழேயிருந்து கம்பெனி இன்ஜினியர் வந்திருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்து, வெளுத்துப் போய், எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஓவனில் முதல் சூடு ஏறியது. கருகிய தேயிலை வாசம் வரவேண்டிய நேரம்.

வந்தது என் குழந்தையின் வாசம். சூடான தேங்காயெண்ணெய், தைலம், அதற்கடியில் புளித்த பால்.

அவர் பவுடர் ஊதும் கூண்டிலிருந்து வெளியே வந்தார். நின்றார். மூக்கு உயர்ந்தது.

"என்ன வாடை இது?"

அவர் இரண்டடி என் பக்கம் வந்தார்.

"தைலம். உங்கிட்டயிருந்தா புள்ள வருது?"

சொல்லியிருக்கலாம். ஓவனை அணைத்து, ஆறவிட்டு, துணியை எடுத்து, உள்ளே துடைத்துவிட்டு மறுபடி மூட்டியிருக்கலாம். மதியத்துக்குள் முடிந்திருக்கும். முதலாளி திட்டியிருப்பார். ஒருவேளை நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

"தலைவலிண்ணே. நெத்தியில தைலம் போட்டிருக்கேன்."

அவர் இன்னும் ஒரு அடி எடுத்துவைத்தார். மூக்கு என் நெற்றியை நோக்கி நீண்டது. உறுதிசெய்துகொள்ளத்தான். அந்தக் கறுப்பு வளையம், அந்த முடிகள், வெற்றிலை வாடை.

"சீ! கிட்ட வராதீங்க."

அவர் அப்படியே நின்றார். ஷெட்டே திரும்பிப் பார்த்தது. பிறகு அவர் தலையாட்டிவிட்டுப் போய் டிராலியை உள்ளே தள்ளினார். என் சொல்லை நம்பினார். அவர் தன் மூக்கை நம்பாத ஒரே தடவை அதுதான் என்று நினைக்கிறேன்.

இருபது நிமிடம். கதவு திறந்தது. இருபத்து நான்கு பெட்டிகளுக்கும் அம்மை. தொப்பிகள் மேல், பக்கங்களில், வட்டங்களின் விளிம்பில், ஊசியால் குத்திக் குத்தி வைத்தது போல் குழிகள்.

இன்ஜினியர் எலுமிச்சம்பழத்தை இறக்கிவிட்டு ஒரு பெட்டியை விரலால் தடவினார். "இதுக்குத்தான் நான் அத்தனை தூரம் வாந்தி எடுத்துட்டு வந்தேனா?" என்றார். முதலாளி என் பக்கம் திரும்பினார். கையில் பதிவேடு இருந்தது.

"காரணம் என்னம்மா? எழுதணும். சொல்லு."

என் நாக்கு எவ்வளவு சுத்தமாக வேலை செய்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஓங்கரிக்கிறது.

"சாயந்தரமானா அண்ணன் ஓவன்ல தெருத் துணியெல்லாம் காயப்போடுறாருங்க சார்."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மேரி அக்கா தொட்டியிலிருந்து நிமிர்ந்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அவர் இன்னும் தகித்துக்கொண்டிருந்த ஓவனுக்குள் உடம்பை வளைத்து நுழைந்தார். முதலாளி, "யோவ், வெந்து போயிருவ" என்று கத்தினார். உள்ளே தரைக் கம்பிகளின் பின்னால் துழாவும் சத்தம் கேட்டது. முகம் சிவந்து வியர்த்து வெளியே வந்தார், முஷ்டி மூடியிருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, மூடிய கையை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு இழுப்பு. திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். கையிலிருந்ததை இடுப்பு மடிப்பில் செருகினார்.

"என் தப்புதான் மொதலாளி," என்றார். "ஒண்ண மோந்து பாக்காம விட்டுட்டேன்."

அன்று மதியமே அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். கொழுந்து அறையைக் காலி செய்ய அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டி ஒன்றும் சொந்தமாக இல்லை போலும். அம்மை போட்ட சிக்னல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதற்குள் தன் சாமான்களை அடைத்துக்கொண்டார். மூன்று ஓட்டைகளும் திறந்தே இருந்தன. சிவப்பு இருக்கவேண்டிய ஓட்டையில் துண்டு பிதுங்கியது, மஞ்சளில் பல் தேய்க்கும் பிரஷ் நீட்டிக்கொண்டிருந்தது, பச்சையில் பாதி தேய்ந்த சோப்பு. தோளில் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போனார். வாளியோடு வாசலில் நின்றிருந்த பெண்கள் அவர் போக வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

எங்கள் வாசலில் நின்றார். நான் பால் கொடுக்க வந்தவள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தேன். பெட்டியை இறக்கி, பச்சை ஓட்டைக்குள் கைவிட்டு, மடித்த துணி ஒன்றை எடுத்து நீட்டினார். அந்த ஃபிளானல். ஓரத்தில் பழுப்பாகக் கருகியிருந்தது. மற்றபடி சுத்தம். சவுக்காரம் போட்டுத் துவைத்து, ஓவனின் கடைசிச் சூட்டில் காயவைத்து, நாலாக மடித்திருந்தார்.

"எண்ணெ போயிருச்சு. பயப்படாம சுத்து."

நான் வாங்கிக்கொண்டேன். அண்ணே என்று ஆரம்பித்தேன்.

அப்போது அவர் குனிந்தார். குழந்தையின் உச்சந்தலையை நோக்கி அந்த மூக்கு இறங்கியது. கறுப்பு வளையம் அப்படியே இருந்தது, இன்னும் கழுவாத மூக்கு. குழந்தை கையை நீட்டி அதைப் பிடிக்கப் பார்த்தது.

நான் குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, உடம்பு தானாகச் செய்தது.

அவர் குனிந்த நிலையிலேயே காற்றில் ஒருமுறை இழுத்தார். கிடைத்தது போலிருக்கிறது. நிமிர்ந்து சிரித்தார், வெற்றிலைக் காவி படிந்த பற்கள்.

"சளி எளகிருச்சு புள்ள. வாசத்துலயே தெரியுது. இன்னும் ரெண்டு நாள்தான்."

பெட்டியைத் தோளில் ஏற்றினார். தேவாலாவில் ஒரு சொந்தக்காரர் இருப்பதாகவும் கூடலூர் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்றும் சொன்னார். "அங்க இதவிட மழையாம்," என்றார், ஏதோ நல்ல செய்தி போல. அம்மா உள்ளேயிருந்து துடைப்பத்தோடு வந்து அவர் பெட்டி வைத்த படியைக் கழுவிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. விசாரிக்கவில்லை. ஷெட்டும் அடுத்த மழைக்குள் மூடிவிட்டது. மகள் இப்போது பத்தாம் வகுப்பு. அவளுக்குச் சளியே பிடிப்பதில்லை. கோயமுத்தூரில் அவளை வண்டியில் பின்னால் வைத்துக்கொண்டு சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எல்லோரும் விளக்கைப் பார்க்கிறார்கள், நான் தொப்பியின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறேன். பச்சை விழுந்ததும் பின்னாலிருக்கும் வண்டிகள் கத்தும். "என்னம்மா தேடுற?" என்பாள் அவள். அவளுக்கு நான் சொன்னதில்லை. எல்லாம் கழுவின முகத்தோடு இருக்கிற வாழ்க்கை எங்களுடையது.

இரண்டு நாளில் சளி விட்டுத்தான் போனது. அவர் சொன்ன கணக்குப்படியே. ஆனால் அது பிறகு. அவர் தெருமுனை திரும்பிய அந்த நிமிடம், நான் செய்தது இதுதான். ஃபிளானலை முகர்ந்து பார்த்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லாதது போல, மூக்கை அழுத்தி, நீளமாக, அவர் இழுப்பது மாதிரியே. எண்ணெய் இல்லை. தைலம் இல்லை. சவுக்காரமும் சூடும் மட்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான துணியை நான் தொட்டதில்லை.

அவர் கை பட்ட துணி அது, அவர் மூக்குப் பட்ட துணி. வாளியில் தண்ணீர் பிடித்து, சோப்புத்தூள் போட்டு, மறுபடி துவைத்தேன். இரண்டு தடவை. பிழிந்து சமையலறைக் கொடியில் போட்டேன்.

அது காயவில்லை. ஓவனுக்கு முதலாளி பூட்டுப் போட்டிருந்தார். மறுநாள் காயவில்லை, அதற்கு மறுநாளும் காயவில்லை. தெருவில் எந்த வீட்டிலும் எதுவும் காயவில்லை. ஈரச் சீருடையோடு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். நாலாம் நாள் மேரி அக்கா தீப்பெட்டி கேட்டு வந்தவள் கொடிகளுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். ஓரம் கருகிய ஃபிளானலை ஒரு விரலால் தூக்கினாள்.

"இது எங்க கருகுச்சு கண்ணு?"

நான் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். கையில்தான் இருந்தது.

அவள் விரலை எடுத்துவிட்டாள். துணி ஆடி நின்றது, அதன் கருகிய முனையிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. பத்தாம் நாள் அதை எடுத்தபோது பூஞ்சை பூத்து, மக்கி நாறியது. முகரவேண்டிய அவசியமே இல்லை. கொடியிலிருந்தே நாறியது.